பாங்காக்கில் ஒரு நாள்: காலையில் அரண்மனை, மாலையில் கால்வாய்

பாங்காக்கில் உங்கள் கையில் ஒரே ஒரு முழு நாள்தான். அம்மாவுக்கு 67 வயது, முழங்கால் வலி. மகளுக்குப் பதினொன்று, மகனுக்கு ஆறு. பெரிய அரண்மனை, கால்வாய்கள் இரண்டையும் அந்த ஒரு நாளில் பார்க்க முடியுமா, இல்லை ஒன்றை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். எதையும் விட வேண்டாம். இந்த ஊரில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களை இதே வழியில்தான் கூட்டிப்போகிறேன். ஒன்று மட்டும் சொல்கிறேன்: அந்த நாளில் வழியில் வராத வேறு எதையும் சேர்க்காதீர்கள். மிதக்கும் சந்தை, மால், இரவுச் சந்தை எல்லாம் அடுத்த பயணத்துக்கு இருக்கட்டும். அரண்மனையும் கால்வாயும் சேர்ந்தே ஒரு நாளை நிறைத்துவிடும். தவிர, அரண்மனை ஏன் அந்த இடத்தில் நிற்கிறது என்பதற்கு விடையே கால்வாய்க்குள்தான் இருக்கிறது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்கு விமானத்திலேயே சொல்லி வைத்துவிடுங்கள்.

வரைபடத்தில் சாவோ பிரயா ஆற்றைப் பாருங்கள். அரண்மனைக்கு எதிர்க்கரையில், தொன்புரிப் பக்கம், ஒரு பெரிய வளைவு தெரியும். வடக்கே உள்ள கால்வாயின் பெயர் 'பாங்காக் நோய்', தெற்கே உள்ளதன் பெயர் 'பாங்காக் யாய்'. இரண்டும் மேற்கே போய் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். கால்வாய்க்குத் தாய்லாந்து மொழியில் 'க்லாங்' என்பார்கள். ஆனால் இந்த வளைவு ஆதியில் கால்வாயே இல்லை. சாவோ பிரயாவே அப்படித்தான் வளைந்து ஓடிக்கொண்டிருந்தது. கடலிலிருந்து தலைநகர் அயுத்தயாவுக்குப் போகும் கப்பல்கள் எல்லாம் இந்த வளைவைச் சுற்றித்தான் போகவேண்டும். 16ஆம் நூற்றாண்டில் அயுத்தயாவை ஆண்ட மன்னர் சைராச்சா, வளைவின் கழுத்தில் குறுக்கே ஒரு வாய்க்கால் வெட்டச் சொன்னார். தண்ணீர் குறுக்குவழியைப் பிடித்துக்கொண்டது. வெட்டிய வாய்க்கால் வருடத்துக்கு வருடம் அகன்று ஆறானது. பழைய ஆறு ஒடுங்கிக் கால்வாயானது. இன்று அரண்மனைக்கு முன்னால் கப்பலும் படகும் போகிற அந்த அகலமான ஆறு, மனிதன் வெட்டியது. எதிரே வீடுகளுக்கு நடுவில் நெளிந்து போகிற கால்வாய்தான் இயற்கையாக வந்தது.

1767இல் பர்மியப் படை அயுத்தயாவை அழித்தது. தக்சின் என்ற தளபதி சிதறிய படையைத் திரட்டித் தொன்புரியில் புதுத் தலைநகர் அமைத்து ஆண்டார். 1782இல் அவர் ஆட்சி கவிழ்ந்து, அவருடைய தளபதியே முதலாம் ராமராக அரியணை ஏறினார். இன்றும் ஆளும் சக்ரி வம்சம் அவரிடமிருந்துதான் தொடங்குகிறது. அவர் செய்த முதல் காரியம் தலைநகரை ஆற்றின் கிழக்குக் கரைக்கு மாற்றியது. மேற்கே ஆறு காவல். கிழக்கே கால்வாய் வெட்டிச் சுற்றி வளைத்தால் நகரமே ஒரு தீவாகிவிடும். அங்கே குடியிருந்த சீன வணிகர்களைத் தெற்கே சம்பெங்குக்கு அனுப்பினார்கள். இன்றைய சைனா டவுன் அப்படி வந்ததுதான். 1782 மே மாதம் 6ஆம் தேதி அரண்மனை வேலை தொடங்கியது. செங்கல்லுக்குப் பஞ்சம் என்பதால் அழிந்துபோன அயுத்தயாவின் இடிபாடுகளிலிருந்து செங்கல்லைப் பெயர்த்து ஆற்றில் படகேற்றிக் கொண்டுவந்தார்கள்.

சரி, இனி உங்கள் நாள்.

காலை 8:30க்குத் திறக்கும்போதே வாசலில் இருங்கள். பத்து மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்துக் கூட்டம் வந்துவிடும், வெயிலும் ஏறிவிடும். டிக்கெட் 3:30 வரைதான். தங்குமிடம் மெட்ரோ வழியில் இருந்தால் சனாம் சாய் நிலையத்தில் இறங்குங்கள். அங்கிருந்து பதினைந்து நிமிட நடை, அம்மாவுக்காக ஒரு டாக்சி பிடித்துக்கொள்ளலாம். ஆனால் எனக்குப் பிடித்தது ஆற்றுவழிதான். பிடிஎஸ் என்ற மேம்பால ரயிலில் சபான் தக்சின் நிலையத்துக்கு வந்தால் கீழேயே சாத்தோன் படகுத்துறை. ஆரஞ்சுக் கொடி கட்டிய படகில் ஏறி தா சாங் துறையில் இறங்கினால் அரண்மனை வாசல் பக்கத்தில்தான். ஊர்க்காரர்கள் வேலைக்குப் போகும் படகு அது, கட்டணமும் சொற்பம்.

டிக்கெட் வெளிநாட்டவருக்கு ஆளுக்கு 500 பாட் (தாய்லாந்து நாணயம்). 120 சென்டிமீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைகளுக்கு இலவசம், உங்கள் மகனுக்கு அநேகமாக வேண்டியிருக்காது. உடை விஷயத்தில் வாசலிலேயே கண்டிப்பாகப் பார்ப்பார்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். கையில்லாத சட்டையின் மேல் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு போனால் பல நேரம் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அம்மா வழக்கமான சேலையில் வரட்டும், ஒரு சிக்கலும் இல்லை. நீங்களும் மகனும் முழு நீளப் பேன்ட் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. வாசலுக்கு முன்னாலேயே நல்ல உடையில், நல்ல ஆங்கிலத்தில் ஒருவர் வந்து, "இன்று விசேஷம், மதியம் வரை மூடியிருக்கும். அதுவரை வேறு கோவில்களைக் காட்டுகிறேன்" என்பார். பக்கத்திலேயே ஒரு துக் துக், அதாவது இந்த ஊர் ஆட்டோ, காத்திருக்கும். என் சித்தப்பா மகன் குடும்பத்தோடு அதில் ஏறி, ஒரு ரத்தினக்கல் கடையிலும் ஒரு தையல் கடையிலும் இரண்டு மணி நேரத்தைத் தொலைத்துவிட்டு வெயிலில் வந்து நின்றான். அரண்மனை திறந்துதான் இருந்தது. அரச குடும்ப நிகழ்ச்சிகளுக்காக உண்மையிலேயே மூடும் நாட்களும் உண்டு, அதை முதல் நாளே அரண்மனையின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். தெருவில் சொல்பவர் பேச்சைக் கேட்காமல் நேரே வாசல் வரை நடந்துவிடுங்கள்.

உள்ளே 2,18,400 சதுர மீட்டர். முழுவதும் சுற்றவேண்டியதில்லை, விடவும் மாட்டார்கள். உங்கள் நேரத்தில் பெரும்பங்கை வாட் பிரா கேவ் என்ற மரகத புத்தர் கோவிலுக்கே கொடுங்கள். பலர் அந்த இடத்தில் அவசரப்பட்டுவிட்டு, பின்னால் மாளிகைகளுக்கு முன் நின்று படம் எடுப்பதில் காலையைக் கழித்துவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய இழப்பாகவே படுகிறது.

நுழைந்ததும் உயரமான பூதங்கள் இரண்டிரண்டாகக் கதாயுதம் பிடித்து நிற்கும். நம் ஊர்த் துவாரபாலகர்களைப் பார்த்த கண்ணுக்கு உடனே புரியும். யார் யார் என்று தெரிந்துகொண்டு பார்த்தால் பிள்ளைகளை அங்கிருந்து நகர்த்தவே முடியாது. தலைக்குமேல் தலையாக அடுக்கிய கிரீடத்தோடு பச்சை நிறத்தில் நிற்பவன் தொத்சகான், அதாவது தசகண்டன், நம் ராவணன். ஊதா நிறத்தவன் மைய்யராப். அவனைத் தமிழ்நாட்டுக் கிராமத்தில் வளர்ந்த எல்லாப் பாட்டிகளுக்கும் தெரியும்: மயில்ராவணன். வால்மீகியில் இல்லாத அந்தக் கதை நம் கூத்திலும் வாய்மொழியிலும் எப்படிப் புழங்குகிறதோ, அதே போல இங்கே அரண்மனைச் சுவரிலேயே ஏறிவிட்டது. உங்கள் அம்மாவுக்கு அந்தக் கதை தெரிந்திருந்தால், பேரப்பிள்ளைகளுக்கு அங்கே நின்று அவரே சொல்லட்டும். எந்த வழிகாட்டியும் அவ்வளவு நன்றாகச் சொல்லமாட்டார்.

கோவிலைச் சுற்றியுள்ள திருச்சுற்று மண்டபம் முழுக்க ராமாகியன் ஓவியங்கள், 178 பாகங்கள். ராமாகியன் என்பது தாய்லாந்தின் ராமாயணம். முதலாம் ராமரே முன்னின்று எழுதுவித்தது. வடக்கு வாசலில் ஜனகர் சீதையைக் கண்டெடுப்பதில் தொடங்கி, வலமாகவே சுற்றிவரும். நிழல் உள்ள இடம், அம்மா மெதுவாக நடக்கலாம். இங்கே சீதை ராவணனின் மகள். அனுமன் பிரம்மச்சாரியே இல்லை. சேதுவைக் கட்டும்போது கல்லை எல்லாம் திருடும் பொன் மீன்கன்னி சுவன்னமச்சாவைப் பிடிக்கப்போய் அவளையே மணந்துகொள்கிறான். அவர்களுக்குப் பிறந்த மச்சானு, மீன்வால் கொண்ட குரங்கு, பின்னால் மைய்யராப்பின் பாதாளக் கோட்டைக்குக் காவல் நின்று தன் தகப்பனோடேயே சண்டை போடுவான். நம் மயில்ராவணன் கதையில் மச்சவல்லபன் வருவானே, அதே இடம்.

ஒரு படத்தை மட்டும் தேடிப் பிடித்து நின்று பாருங்கள். மைய்யராப் மயக்கப்பொடி ஊதி ராமரைத் தூக்கிப்போகப் போகிறான் என்று தெரிந்ததும், அனுமன் மலைபோல் வளர்ந்து, ராமர் தூங்கும் கூடாரத்தையே வாய்க்குள் வைத்துக் காவல் காக்கிறான். வெள்ளை உடம்பு, அகலத் திறந்த வாய், அந்த வாய்க்குள் பொன் வேலைப்பாடு மின்னும் சின்னக் கூடாரம், சுற்றிலும் எறும்பு மாதிரி வானரங்கள். ஒவ்வொரு வானரத்தின் முகமும் வேறு வேறு. உங்கள் மகன் தூக்கச் சொல்வான், தூக்கிக் காட்டுங்கள்.

கருவறைக்குள் போகும் முன் வெளிச்சுவரின் அடியைப் பாருங்கள். நாகங்களை இரு கையாலும் பிடித்தபடி பொன் கருடன்கள் வரிசையாக, மொத்தம் 112. வாசலருகே ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் தாமரை மொட்டுகளும் இருக்கும். மொட்டைத் தண்ணீரில் நனைத்துத் தலையில் தட்டிக்கொள்வார்கள், நீங்களும் செய்யலாம். செருப்பைக் கழற்றிவிட்டு, நிலைப்படியை மிதிக்காமல் தாண்டிப் போகவேண்டும். நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உட்காரும்போது மட்டும் பாதம் புத்தரை நோக்கி நீளக் கூடாது, காலைப் பின்பக்கம் மடக்கிக்கொள்ளுங்கள். அம்மாவால் தரையில் உட்கார முடியாவிட்டால் ஓரமாக நின்று கும்பிட்டுவிட்டு வரட்டும். உள்ளே படம் எடுக்கக் கூடாது.

பெயர் மரகத புத்தர், ஆனால் சிலை மரகதம் அல்ல, ஒரே பச்சைக் கல்லில் செதுக்கிய 66 சென்டிமீட்டர் உருவம். இவ்வளவு சின்னதா என்றுதான் முதலில் தோன்றும். மிக உயரத்தில், ஒன்பது அடுக்கு வெண்குடைக்குக் கீழே இருக்கிறது. 1434இல் வடக்கே சியாங் ராயில் ஒரு தூபியில் இடி விழுந்தபோது சுதை பூசிய ஒரு சிலை வெளிப்பட்டது, சுதை உதிர உள்ளே பச்சை தெரிந்தது என்பது மரபுச் செய்தி. பிறகு லம்பாங், சியாங் மாய், லாவோஸின் லுவாங் பிரபாங் என்று பயணப்பட்டு, வியன்டியனில் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. 1779இல் வியன்டியனை வென்ற தளபதி அதைத் தொன்புரிக்குக் கொண்டுவந்தார். அந்தத் தளபதிதான் பின்னாளில் முதலாம் ராமர். வியன்டியனில் அது இருந்த ஹோ பிரா கேவ் கோவில் அழிந்து, மீண்டும் கட்டப்பட்டு இன்றும் இருக்கிறது, சிலை மட்டும் இல்லை. ஆண்டுக்கு மூன்று முறை, கோடை, மழை, குளிர் காலத் தொடக்கங்களில், மன்னரே இதன் பொன் உடையை மாற்றுகிறார். நீங்கள் போகும்போது என்ன உடை என்று கவனியுங்கள். குளிர்கால உடையில் உடம்பு முழுக்கப் பொன் வலை போர்த்தியிருக்கும்.

மாளிகைகளில் சக்ரி மகா பிரசாதம் ஒன்றைப் பார்த்தால் போதும். ஐந்தாம் ராமர் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞரை வைத்து 1876இல் தொடங்கி 1882இல் முடித்தது. கீழே பாதி ஐரோப்பிய மாளிகை, மேலே தாய்லாந்து பாணிக் கூரையும் மூன்று கூம்புகளும். கிரீடம் வைத்த வெள்ளைக்காரர் என்று ஊர்மக்கள் பெயர் வைத்துவிட்டார்கள். பிறகு வாசல் பக்கம் திரும்பும்போது சிரிகிட் அரசியின் துணி அருங்காட்சியகம் வரும். அதே டிக்கெட்டில் போகலாம், ஏசி உண்டு. அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் அந்த அரை மணி நேரம் மிகவும் தேவைப்படும். தாய்லாந்துப் பட்டு நெசவைப் பார்த்தால் அம்மா காஞ்சிபுரத்தோடு ஒப்பிட்டுப் பேசாமல் வரமாட்டார்.

பதினொன்றரைக்கு வெளியே வந்துவிடுங்கள். சைவச் சாப்பாடு வேண்டுமென்றால் 'ஜே' என்று கேளுங்கள். மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்து போட்டிருக்கும். 'மங்சவிரத்' என்றாலும் புரியும், நம் மாமிச விரதம் போலக் காதில் விழும் சொல். கடைக்காரர் காய்கறி மட்டும்தான் என்றாலும் மீன் சாறு ஊற்றிவிடுவார், அதனால் 'மாய் சாய் நாம் பிளா' என்று சேர்த்துச் சொல்லுங்கள். மாம்பழமும் தேங்காய்ப்பாலும் ஊற்றிய ஸ்டிக்கி ரைஸ் எல்லாருக்கும் பிடிக்கும், செட்டிநாட்டுக் கவுனி அரிசி சாப்பிட்டவர்களுக்கு அந்தப் பதம் புதிதல்ல. காரம் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்குக் கையில் கொஞ்சம் புளியோதரை வைத்துக்கொள்வது நல்லது.

மதிய வெயிலில் ஓடாதீர்கள். பக்கத்திலேயே வாட் போ, 46 மீட்டர் நீளச் சயன புத்தர். அவர் உள்ளங்காலில் முத்துச்சிப்பியில் பதித்த 108 மங்கலச் சின்னங்களைப் பார்த்துவிட்டு நிழலில் உட்கார்ந்திருங்கள். ஒரு செய்தி, இது உங்கள் வழியில் வராது, ஆனால் சொல்லாமல் விட மனமில்லை. அரண்மனையிலிருந்து சற்றுத் தள்ளி, சிவப்பு நிறத்தில் ராட்சத ஊஞ்சல் ஒன்று நிற்கிறது. அருகில் 1784இல் எழுந்த பிராமணர் கோவில், தேவஸ்தான். அங்கே அரச புரோகிதர்கள் ஆண்டுதோறும் நடத்தும் சடங்கின் பெயர் திரியம்பாவாய், திரிபாவாய். திருவெம்பாவையும் திருப்பாவையும்தான். கிரந்த ஏட்டு வழியாக வந்த தமிழ் வரிகளை, பொருள் மறந்து, ஒலி திரிந்து, இன்னும் ஓதுகிறார்கள். ஊஞ்சல் ஆடுவது மட்டும் 1930களில் நின்றுபோனது. மாணிக்கவாசகர் கடல் தாண்டி வந்து இவ்வளவு காலம் இங்கே ஒலிக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

மூன்று மணி வாக்கில் படகு. நீளவால் படகு என்று பெயர், தாய்லாந்து மொழியில் 'ரூவா ஹாங் யாவ்'. மெல்லிய நீண்ட மரப்படகின் பின்னால் வண்டி எஞ்சின் ஒன்றை அப்படியே ஏற்றி, அதிலிருந்து நீளக் கம்பி போய், அதன் நுனியில் விசிறி. கால்வாயில் பாசியும் செடியும் சிக்கினால் படகோட்டி கம்பியை ஒரே அழுத்தில் மேலே தூக்கிவிடுவார். சத்தம் பலமாக இருக்கும், அம்மாவை முன்பக்கம் உட்கார வையுங்கள். ஏறும்போதுதான் கவனம் வேண்டும். துறையும் படகும் ஆடும், ஒருவர் முதலில் இறங்கி நின்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு மிதவைச் சட்டை கேட்டு வாங்கிப் போட்டுவிடுங்கள்.

விலை படகுக்குத்தான், ஆளுக்கு அல்ல என்பதை முதலிலேயே உறுதி செய்யுங்கள். மணிக்கு ஆயிரம் பாட் என்ற அளவில் பேச்சுத் தொடங்கும், குறைக்கலாம். எத்தனை மணி நேரம், எந்த வழி என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டிப் பேசுங்கள். நான் வந்த முதல் வருடம் அவசரத்தில் ஒருவரிடம் மொத்தப் பணத்தையும் முன்னாலேயே கொடுத்துவிட்டேன். இரண்டு மணி நேரம் என்றவர் முக்கால் மணியில் திருப்பிக் கொண்டுவந்து விட்டார். என் பெற்றோர் ஊரிலிருந்து வந்திருந்த நாள் அது, இன்னும் மனதில் உறுத்துகிறது. பாதிப் பணம் ஏறும்போது, மீதி இறங்கும்போது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்க வேண்டிய வழி இது: பாங்காக் யாய் வழியாக உள்ளே போய், பாங்காக் நோய் வழியாக வெளியே வரவேண்டும். அதாவது பழைய ஆற்றின் முழு வளைவு. ஆற்றில் நீர் ஏறி நிற்கும் நேரத்தில் தாழ்ந்த பாலங்களுக்கு அடியில் நுழைவது சிரமம் என்று சில சமயம் வழியை மாற்றச் சொல்வார்கள். அப்போது அவர் சொல்வதைக் கேளுங்கள்.

கால்வாய் வாயில் மதகு இருக்கும். படகு உள்ளே நுழைந்ததும் பின்கதவு மூடும். எஞ்சினை அணைத்துவிடுவார்கள். அவ்வளவு சத்தத்துக்குப் பிறகு சட்டென்று அமைதி. பக்கத்துப் படகில் யாரோ பேசுவது கேட்கும். சுவரில் ஈரக்கோடு மெல்ல நகர்வதைக் காட்டிப் பிள்ளைகளிடம் நீர்மட்டம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று கேளுங்கள். ஆறு கடல் ஏற்றத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும், உள்ளே வீடுகள் தண்ணீரை ஒட்டி இருக்கின்றன, அதனால்தான் இந்தக் கதவு. இரண்டும் சமமானதும் முன்கதவு திறக்கும்.

உள்ளே வேறு ஊர். தூண்மேல் நிற்கும் மரவீடுகள், தண்ணீரைப் பார்த்த திண்ணைகள், திண்ணையில் துளசி மாடம் போல, வீட்டைக் காக்கும் ஆவிக்கு ஒரு குட்டி வீடு, அதன்முன் சிவப்புச் சர்பத் பாட்டில். தபால் பெட்டி கூடத் தண்ணீர்ப் பக்கம்தான். முதல் நவீன சாலையான சாரோன் குருங் 1860களில் போடப்படும்வரை இந்நகரின் வீடுகளுக்கெல்லாம் இதுதான் முன்வாசல். அதற்குப் பிறகு கிழக்குக் கரையில் கால்வாய்களை ஒவ்வொன்றாகத் தூர்த்துச் சாலை போட்டார்கள். தொன்புரிப் பக்கம் தப்பிப் பிழைத்தது. வழியில் 69 மீட்டர் உயர வாட் பாக்நாம் புத்தர் வீடுகளுக்குமேல் எழுந்து தெரிவார். படித்துறையில் கட்டை மாதிரி கிடப்பது உடும்பு இனம், ஆள் நீளம் இருக்கும், ஒன்றும் செய்யாது. கோவில் துறைகளில் மீன் பிடிக்கக் கூடாது என்பதால் பெரிய பெரிய கெளுத்திகள் குவிந்து கிடக்கும். அங்கே நிறுத்தச் சொல்லி ரொட்டி வாங்கிப் போடுங்கள். தண்ணீரே கொதிப்பது போல் புரளும், உங்கள் மகனுக்கு அந்த நாளில் இதுதான் நினைவில் நிற்கும்.

பாங்காக் நோய்க்குள் அரசப் படகு அருங்காட்சியகம் இருக்கிறது. அன்று திறந்திருக்கிறதா என்று படகோட்டியிடம் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். 1911இல் வெள்ளோட்டம் விட்ட அன்னப்படகு சுபன்னஹோங் அங்கேதான் இருக்கிறது. ஒரே தேக்கு மரத்தில் குடைந்தது, ஏறக்குறைய 46 மீட்டர், துடுப்புப் போட 50 பேர். கருடன் மேல் திருமால் நிற்கும் படகும் உண்டு.

வாட் அருணை ஆற்றிலிருந்தே பாருங்கள். அதன் படிகள் மிகவும் செங்குத்து, அம்மாவின் முழங்காலுக்கு வேண்டாம். பீங்கான் துண்டுகள் பதித்த கோபுரம் மாலை வெயிலில் தண்ணீரிலிருந்து பார்க்கவே அழகு.

ஐந்து மணிக்குப் படகு பாங்காக் நோயிலிருந்து ஆற்றுக்குள் திரும்பும். திடீரென்று அகலம், அலை, காற்று. தெற்கே போகப்போக இடப்பக்கம் காலையில் நின்ற அரண்மனைக் கூரைகள் பொன்னாகத் தெரியும். அப்போது மகளிடம் கேளுங்கள், இதில் எது ஆறு, எது கால்வாய் என்று. அப்புறம் தா தியன் துறையில் இறங்கிக்கொள்ளுங்கள். சனாம் சாய் நிலையம் அங்கிருந்து கிட்டத்தில்தான், லிஃப்ட் இருக்கிறது, அம்மாவுக்குப் படி ஏறும் வேலை இல்லை.